எட்டு போட்டால் போதுமா?

1997 ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. திண்டிவனத்தில் நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்ட இன்ஸ்டிடியூட் வாசலில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே பயணிகள் இல்லை. ரெமிங்டன், ஃபேசிட், ஹால்டா என்று டைப்ரைட்டர்களாக அடுக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம். பரீட்சை விழுப்புரத்தில். மெஷினை நாமேதான் கொண்டுபோக வேண்டும். பழகின மெஷினில் அடித்தால்தான் கை ஓடும் என்பதால் என் ஃபேசிட்டை யாரும் தொட்டுவிடாமல் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டே போனேன். தொடை மரத்துப்போனதுதான் மிச்சம்.

இங்கிலீஷ் லோயர். பி.காம். படிக்கிற பையன்கள் எல்லோரும் சாயந்திரம் செய்கிற வேலை அதுதான். குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் ஆகிவிடலாம் என்பது அன்றைய திண்டிவனத்துக் கனவு. ஸ்பீடு பேப்பருக்குப் பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஒரு வார்த்தைக்கு ஐந்து தட்டு என்று கணக்கு. ஆக 1,500 தட்டு. ஹையர் என்றால் 45 வார்த்தை, 2,250 தட்டு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

மணி அடித்தபோது எனக்கு ஒன்றரை வரி பாக்கி. சுமார் 90 தட்டு. விட்டுப்போன வார்த்தைகளெல்லாம் தப்புக் கணக்கில் சேர்ந்தன. ரிசல்ட் வந்தது, பெயில். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 28 வார்த்தைக்குச் சற்று மேல். இரண்டு வார்த்தைக்குக் குறைவான வித்தியாசம். 'சார், 28 வார்த்தை அடிக்கிறவன் டைப்பிஸ்ட் இல்லையா? முப்பது அடிக்கிறவன்தான் டைப்பிஸ்ட்டா?' என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவர் ரிப்பன் மாட்டிக்கொண்டே சொன்னார், 'எங்கியாவது ஒரு கோடு போடணும்ல தம்பி? கோட்டுக்கு இந்தாண்ட நிக்கிறவன் எப்பவும் இப்படித்தான் கேப்பான்.'

ஆறு மாதம் கழித்துப் பாஸ் செய்தேன். டைப்பிஸ்ட் ஆகவில்லை, பத்திரிகைக்காரன் ஆனேன். ஆனால் கோட்டை யார் போட்டது, ஏன் அந்த இடத்தில் போட்டார்கள் என்ற கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது.

டூவீலர் லைசென்ஸ் வாங்கப் போனபோது அது பெரிதாகிவிட்டது. எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. எட்டு போடச் சொன்னார்கள். போட்டேன். ஒரு இடத்தில் வலது கால் தரையைத் தொட்டது. அதிகாரி அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் பாஸ். டைப்ரைட்டரில் இரண்டு வார்த்தைக்குத் தோற்றவன், ஊர் சாலையில் வண்டி ஓட்ட இரண்டே நிமிஷத்தில் தகுதி பெற்றுவிட்டேன். தப்பாக அடித்த லெட்டரை இன்னொரு தடவை அடித்துக்கொள்ளலாம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் புத்தகத்தில் குறை இல்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதியைப் படித்தால் அசந்துபோவீர்கள். கண்ணாடியைச் சரிசெய்வதில் ஆரம்பிக்கிறது. மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் திரும்ப எடுக்க வேண்டும். ரிவர்ஸில் குறுகிய இடத்துக்குள் விட வேண்டும். நடந்து போகிறவர், சைக்கிளில் வருகிறவர் அடுத்து என்ன செய்வார் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். மற்றவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்வதுகூட உண்டு! இருபதுக்கும் மேல் போகிறது பட்டியல். என்னென்ன தெரிய வேண்டும் என்பதற்குப் பஞ்சமே இல்லை. எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதில்தான் சிக்கல். 1988 சட்டம் அதை லைசென்ஸ் கொடுக்கிறவரின் 'திருப்தி'க்கு விட்டுவிட்டது. 2021 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு எண்ணைச் சொன்னது. ஓட்டிக் காட்டும் தேர்வில் பாஸ் மார்க் 69 சதவீதம். தமிழ்நாட்டில், அதுவும் எங்கள் விழுப்புரம் பக்கம், 69 என்றாலே வேறு ஞாபகம்தான் வரும். அதை விடுங்கள்.

இந்த 69-ஐ நான் என் மாமாவிடம் சொன்னபோதுதான் இந்தக் கதை ஆரம்பித்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. 1978-ல் விழுப்புரத்தில் பஸ் டிரைவராகச் சேர்ந்தவர். அப்போது அது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1997-ல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்கினார்கள். மாமா 2010-ல் ரிட்டயர் ஆகும்வரை தந்தை பெரியார் என்றுதான் சொன்னார். 32 வருஷ சர்வீஸ். கடைசிப் பத்து வருஷம் புதுசாக வருகிற டிரைவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குகிற வேலை.

அவரிடம் ஒரு நாள் மயிலம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட் வந்தார். ஸ்கூல் வேனுக்கு டிரைவர் வேண்டும். ஒருவர் அப்ளிகேஷன் போட்டிருக்கிறார். ஹெவி லைசென்ஸ் இருக்கிறது, பேட்ஜ் இருக்கிறது, லாரியில் ஆறு வருஷ அனுபவம் இருக்கிறது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவருக்குக் கனரக வாகனத்தில் குறைந்தது ஐந்து வருஷ அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. அதிலும் குறை இல்லை. 'பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. ஆனா எனக்கு மனசு கேக்கல. நீங்க ஒரு தடவ ஓட்டச் சொல்லிப் பாத்துச் சொல்லுங்க, நீங்க சொன்னா சேத்துக்கறேன்' என்றார்.

அப்ளிகேஷன் போட்டவன் என் அக்கா மகன்.

கரஸ்பாண்டென்ட்டுக்கு அது தெரியாது. மாமா உடனே சொல்லிவிட்டார். 'அவன் என் பேரன் முறை. வேற ஆளப் பாருங்க.' அவரோ, 'அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சு, சொந்தக்காரனுக்காகப் பொய் சொல்ற ஆள் நீங்க இல்ல' என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். மனுஷன் விவரமானவர்.

பஞ்சாயத்து எனக்கு வந்தது. 'நீதான் படிச்சவனாச்சே, எப்படி மார்க் போடறதுன்னு சொல்லு' என்றார் மாமா. அப்போதுதான் 69-ஐச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். 'ஒருத்தன் ஹாரன் அடிக்கிறதுல நூத்துக்கு நூறு. பிரேக் புடிக்கிறதுல முப்பத்தெட்டு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா?'

'அறுபத்தொம்பது.'

'அவன் ஓட்டற பஸ்ல ஏறுவியா?'

பி.காம். படித்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். சராசரி என்பது பெரிய மாயக்காரன். லாபமான கிளையை வைத்து நஷ்டமான கிளையை மறைக்கிற வித்தையை எத்தனை பேலன்ஸ் ஷீட்டில் பார்த்திருக்கிறேன்!

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கையால் செய்கிற வேலைக்குப் பாஸ் மார்க் எப்படி வைப்பது என்று உலகத்தில் நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1971-ல் வில்லியம் ஆங்காஃப் என்ற அமெரிக்கர் ஒரு தடித்த புத்தகத்தில், ஒரு நீண்ட கட்டுரைக்கு நடுவே, போகிறபோக்கில் ஒரு வழி சொன்னார். பாதி விஷயம் அடிக்குறிப்பில் இருக்கிறது. அதுவும் தன் யோசனை இல்லை, லெட்யார்ட் டக்கர் என்ற சகா சொன்னது என்றும் எழுதிவிட்டார். ஆனாலும் பெயர் இவருக்கே நிலைத்துவிட்டது. டாக்டர், நர்ஸ் தேர்வுகள்வரை இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வழி இதுதான். வேலை தெரிந்த நாலு பேரை உட்கார வையுங்கள். கெட்டிக்காரனையும் நினைக்க வேண்டாம், மட்டமானவனையும் நினைக்க வேண்டாம். 'பரவாயில்ல, இவன விடலாம்' என்று சொல்லக்கூடிய, கோட்டுக்கு மேலே மயிரிழையில் நிற்கிற ஆளை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட நூறு பேரில் இந்த வேலையை எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். எல்லாவற்றின் சராசரிதான் பாஸ் மார்க். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா?

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடை. மாமா, அவரோடு வேலை பார்த்த இன்னொரு டிரைவர், முப்பது வருஷம் டிப்போ மெக்கானிக்காக இருந்த ஒருவர். நான் லெட்ஜர் மாதிரி கட்டம் போட்டு, ஸ்கூல் வேன் டிரைவர் செய்ய வேண்டிய பன்னிரண்டு வேலைகளை எழுதினேன். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று ஆளுக்கு ஒரு தாள். மெக்கானிக் அண்ணன் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார். பன்னிரண்டுக்கும் நூறு, நூறு, நூறு. 'இன்னாண்ணே?' என்றால், 'இதெல்லாம் செய்யலன்னா அவன் டிரைவரே இல்லையே' என்கிறார். இந்த முறையில் எல்லா ஊரிலும் வருகிற வியாதி இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அனுபவசாலிகளுக்குச் சுமாரான ஆளைக் கற்பனை செய்யவே வராது. தன்னையே நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு டிரைவர் நேர் எதிர். மேட்டில் நிறுத்தி எடுப்பதற்கு ஐம்பது போட்டிருந்தார். 'விழுப்புரத்துல மேடு எங்க இருக்குது? திண்டிவனம் மேம்பாலத்துல டிராபிக்ல நின்னா உண்டு' என்று அவர் நியாயம். இரண்டாவது டீக்குப் பிறகு மறுபடியும் எழுதச் சொன்னேன். கொஞ்சம் நெருங்கி வந்தார்கள். சராசரி 78. பெருமையாகக் காட்டினேன். மாமா தாளை வாங்கிப் பார்த்தார். 'எழுபத்தெட்டு சரி. மிச்ச இருபத்திரெண்டுல இன்னா இருக்குதுன்னு சொல்லு.'

அங்கேதான் பேச்சு உருப்படியானது. எதில் தப்பு நடந்தால் வண்டிக்குச் செலவு, எதில் தப்பு நடந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று பிரித்தார்கள். ஒன்பது வேலைகள் ஒரு பக்கம். கியர் மாற்றுவது, திருப்பத்தில் வேகம், இண்டிகேட்டர் இந்த மாதிரி. இவற்றில் ஏழு சரியாக இருந்தால் போதும், மற்றது பழகிக்கொள்ளலாம். ஏன் ஏழு? ஒருவர் ஆறு என்றார், ஒருவர் எட்டு என்றார். அவ்வளவுதான் ரகசியம். மூன்று வேலைகள் இன்னொரு பக்கம். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல் ஆக்காமல் கதவைத் திறக்கக் கூடாது. பின்னால் ஆள் நிற்காமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் இறங்கியதும், முன்பக்கம் இடது மூலையில் யாரும் இல்லை என்று எழுந்து பார்க்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. இந்த மூன்றிலும் ஒரு தடவைகூடத் தப்பக் கூடாது. மூன்று டிரிப் ஓட்ட வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் யாரும் பாஸ் ஆகிவிடக் கூடாது, ஒரு நாள் தலைவலியில் யாரும் பெயிலாகவும் கூடாது என்பதற்காக. மார்க்கை மாமாவும் மெக்கானிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், நடுவில் பேசக் கூடாது. சொந்தக்காரன் விஷயம் என்பதால் மாமாவே வைத்த நிபந்தனை அது.

பட்டியலை அக்கா மகனிடம் முதல் நாளே கொடுத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை. காலி வேன். முதல் இரண்டு டிரிப்பில் பையன் பூப்போல ஓட்டினான். எனக்கே பெருமையாக இருந்தது. ஒன்பதுக்கு ஒன்பது. கதவு, ரிவர்ஸ், எல்லாம் சுத்தம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எழுந்து எட்டிப் பார்த்துத்தான் எடுத்தான். மூன்றாவது டிரிப், கடைசி ஸ்டாப். மாமா கீழே இறங்கினார். வேனுக்கு வெளியே ஏதோ செய்துகொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து 'போலாம்' என்றார். பையன் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தான், கியரைப் போட்டான், எடுத்தான்.

டப்பென்று ஒரு சத்தம்.

இருபது லிட்டர் தண்ணி கேன். இரண்டு காலி கேனை ஒன்றின் மேல் ஒன்றாக, பம்பருக்கு முன்னால் இடது மூலையில் வைத்திருந்தார் மாமா. ஒரு எல்.கே.ஜி. பிள்ளையின் உயரம். மேல் கேன் உருண்டு போய்ச் சாலை ஓரத்தில் நின்றது. கீழ் கேன் சக்கரத்தில் சப்பையாகிக் கிடந்தது.

யாரும் பேசவில்லை. பையன் ஸ்டேரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது அவனுக்கு. 'திருட்டுத்தனமா வச்சிட்டீங்க தாத்தா. உள்ள பிள்ளைங்க இருந்தா நான் பாக்காம எடுப்பனா? காலி வேனுதானேன்னு எடுத்துட்டன்.'

'பிள்ளைங்க சொல்லிட்டா வந்து நிக்கும்?' என்றார் மாமா.

இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி. பன்னிரண்டு வேலையில் பதினொன்று சரி. 92 சதவீதம். எந்த ஆபீஸிலும் டிஸ்டிங்ஷன். மூன்று டிரிப்பில் இரண்டில் பார்த்தான் என்று அந்த ஒன்றை மட்டும் கணக்குப் போட்டால் 66.67. மாமா தாளின் கீழே 'இப்போ வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் நடந்ததை எழுதினால் அக்கா என்னிடமும் பேசமாட்டாள். ஏற்கனவே மாமாவிடம் பேசுவதில்லை. லாரியை விட்டுவிட்டு ராத்திரி வீட்டில் படுக்கிற மாதிரி ஒரு வேலை, மாதம் பதினெட்டாயிரம், பையனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். 'ஊரான் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்ட கை, ஒரு பிளாஸ்டிக் கேனுக்காக எம் பிள்ளை வயித்துல அடிச்சிடுச்சு' என்றாள். நியாயம் இல்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை என்னால்.

ஏனென்றால் நான் படித்ததில் இன்னொரு கதையும் இருந்தது. அமெரிக்க ராணுவத்தில் ஆள் சேர்க்கும் எழுத்துத் தேர்வில், 1976-லிருந்து 1980 வரை மார்க் அளவுகோலிலேயே பிசகு நடந்துவிட்டது. தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரே அமளி. ஆனால் அந்த ஆட்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் 1980-களில், பேப்பரில் கேட்பதோடு நிறுத்தாமல் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டு, வண்டியை ரிப்பேர் செய் என்று கையில் கொடுத்துப் பார்க்கிற பெரிய ஆராய்ச்சியே நடந்தது. கோட்டை உயர்த்திப் போட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறோம். வெளியே நிற்கிற நல்ல ஆளுக்கு யார் கணக்கு எழுதுவது? அவன் எந்த லெட்ஜரிலும் ஏறுவதில்லை. 28 வார்த்தை அடித்த பையன் மாதிரி.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. 'டைப்பு அடிக்கிறதா இருந்தா நானும் வுட்டிருப்பன்டா' என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, 1980-களில் செஞ்சி ரூட்டில் ஓட்டிய ஒரு நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டாப், இறங்கின ஒரு பெண் பிள்ளை, விழுந்த ஸ்லேட்டுக் குச்சியை எடுக்க பஸ்ஸுக்கு முன்னால் குனிந்தது. கண்டக்டர் கத்தியதால் பிரேக் அடித்தார். ஒரு அடி தூரம். 'அன்னிக்கு வண்டில நாப்பது பேருக்கு மேல. ஒருத்தனுக்கும் தெரியாது. உங்க அத்தைக்கே தெரியாது. எனக்கு எட்டு வருஷம் சர்வீஸ் அப்போ. அவனுக்கு ஆறுதான்.'

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத விஷயம். அதை அக்காவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

டிரைவிங் லைசென்ஸ் சட்டத்தில் மூன்று தடவை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். டீக்கடைச் சட்டத்தில் மூன்று வாரம் என்று முடிவாகியிருக்கிறது. கரஸ்பாண்டென்ட் அதுவரை ஆக்டிங் டிரைவரை வைத்து ஓட்டுகிறார். பையன் தினமும் விடியற்காலை விழுப்புரத்துக்கு வந்து மாமாவிடம் பழகுகிறான். அம்மாவுக்குத் தெரியாமல்தான் வருகிறான். வேன் காலியாக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் இறங்கி, முன்பக்கமாக ஒரு சுற்று நடந்து, பிறகு ஏறி எடுக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். ஸ்கூட்டருக்கே அப்படிச் சுற்றிப் பார்க்கிறான் என்று அக்கா போனில் என்னிடம் புலம்பினாள். பையனுக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்களாம்.

மறு டெஸ்ட் அடுத்த ஞாயிறு. நானும் போகிறேன். கேன் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் மாமா, இந்தத் தடவை நாலு.